'4071' உம் '4071·' உம் ஒன்றா? டேட்டாபேஸில் வால் ஸ்பேஸ்

வாசகர் கேள்வி, ஜூன் 3

"எஸ்கியூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ரிப்போர்ட்டை போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸுக்கு மாற்றினோம். அதே டேட்டா, அதே க்வெரி. ஆனால் ஜாயினில் (இரண்டு டேபிள்களை ஒரு மதிப்பை வைத்து இணைப்பதில்) நிறைய வரிகள் காணாமல் போகின்றன. தோண்டிப் பார்த்தால், ஒரு டேபிளில் கோடு (code) '4071' என்று இருக்கிறது, இன்னொன்றில் அதே 4071க்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ். பழைய டேட்டாபேஸ் இரண்டும் ஒன்று என்றது. புதியது வேறு வேறு என்கிறது. இது போஸ்ட்கிரெஸின் பக் தானே?"

ஜூன் 3

பக் இல்லை. இரண்டும் தத்தம் விதிப்படி சரியாகவே நடக்கின்றன. விதிதான் வேறு.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றிப் பேசுவதால், இனி மேற்கோளுக்குள் '·' என்று போட்டால் அது ஒரு ஸ்பேஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீளம் வேறான இரண்டு ஸ்ட்ரிங்கை (எழுத்துத் தொடரை) எப்படி ஒப்பிடுவது என்பதை எஸ்கியூஎல் ஸ்டாண்டர்டு கோலேஷனிடம், அதாவது எழுத்துகளை ஒப்பிடவும் வரிசைப்படுத்தவும் உள்ள விதித் தொகுப்பிடம், விட்டிருக்கிறது. கோலேஷனுக்கு 'பேட் ஸ்பேஸ்' குணம் இருந்தால், குட்டையான ஸ்ட்ரிங்கின் வலப்பக்கம் ஸ்பேஸ் சேர்த்து நீளமானதற்குச் சமமாக்கிவிட்டு, அப்புறம் ஒப்பிட வேண்டும். '4071' உள்ளே '4071·' ஆகிவிடுகிறது, இரண்டும் சமம். 'நோ பேட்' என்றால் எதுவும் சேர்ப்பதில்லை. '4071' முடிந்த இடத்தில் மற்றதற்கு இன்னும் ஓர் எழுத்து பாக்கி இருக்கிறது, ஆகவே சமமில்லை.

எஸ்கியூஎல் சர்வர் 1992 ஸ்டாண்டர்டின் பேட் ஸ்பேஸ் வழியில் போகிறது. நிலையான நீளமுள்ள சார் வகைக்கு மட்டுமல்ல, நீளம் மாறும் வார்சாருக்கும், அதன் யூனிகோடு வடிவமான என்வார்சாருக்கும் அதேதான். போஸ்ட்கிரெஸில் டெக்ஸ்ட் (நீளம் குறிப்பிடாத வகை), வார்சார் இரண்டிலும் கடைசி ஸ்பேஸ் மற்ற எழுத்துகளைப் போல ஓர் எழுத்து.

ஜாயின் மட்டும் என்று நினைக்காதீர்கள். யூனிக் இன்டெக்ஸ் (ஒரே மதிப்பு இரண்டு முறை வராமல் தடுப்பது), குரூப் பை (ஒரே மதிப்புள்ள வரிகளைச் சேர்ப்பது), டிஸ்டிங்க்ட் (ஒரே மதிப்பை ஒரு முறை மட்டும் காட்டுவது), ஃபாரின் கீ (சைல்டு டேபிளின் மதிப்பு மாஸ்டர் டேபிளில் இருக்கிறதா என்று பார்ப்பது) எல்லாமே 'சமமா?' என்ற ஒரே கேள்வியின் மேல் நிற்பவை. பழைய இடத்தில் உங்கள் மாஸ்டர் டேபிளில் '4071' இருக்க, சைல்டு டேபிளில் '4071·' போட்டாலும் ஃபாரின் கீ வாய் திறக்காமல் ஏற்றுக்கொண்டிருக்கும். அந்த அழுக்கு அங்கே எத்தனை வருடம் கிடந்தாலும் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

ஜூன் 3, இரவு

முதலில் எத்தனை வரி இப்படி இருக்கிறது என்று எண்ணப் போவீர்கள். அங்கேயே ஒரு பள்ளம். எஸ்கியூஎல் சர்வரில் நீளம் சொல்லும் லென் ஃபங்ஷன் கடைசி ஸ்பேஸை எண்ணாது. '4071·' க்கும் 4, '4071···' க்கும் 4. டேட்டாலெங்த்தைப் பயன்படுத்துங்கள், அது பைட் கணக்கு. வார்சாரில் '4071·' 5 என்று வரும். என்வார்சாரில் எழுத்துக்கு 2 பைட் என்பதால் 10 வரும்.

ஜூன் 4

ஒருவர்: "போஸ்ட்கிரெஸில் எனக்கு '4071' உம் '4071·' உம் சமம் என்றுதான் வருகிறது. நீங்கள் சொன்னது தலைகீழாக இருக்கிறதே."

உங்கள் ஃபீல்டு சார் வகையாக இருக்கும். நேற்று நான் சொன்னது டெக்ஸ்டுக்கும் வார்சாருக்கும். போஸ்ட்கிரெஸில் சார்(6) என்று அறிவித்தால் மதிப்பு ஸ்பேஸால் நிரப்பப்பட்டு '4071··' என்று உட்காரும். ஆனால் சாரும் சாரும் ஒப்பிடும்போது வால் ஸ்பேஸுக்கு அர்த்தமே கிடையாது. லெங்த் கேட்டாலும் 4 என்றே சொல்லும். ஆக்டெட் லெங்த் (பைட் கணக்கு) கேட்டால்தான் 6 வரும்.

இதில் கவனிக்க வேண்டியது, எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதை வைத்து விடை மாறும். சார் ஃபீல்டை வெறும் மேற்கோள் மதிப்பு '4071·' உடன் ஒப்பிட்டால், அந்த மதிப்பும் சாராக எடுத்துக்கொள்ளப்படும், பொருந்தும். அதே மதிப்பு டெக்ஸ்ட் வகை பாராமீட்டராக வந்தால் சார் ஃபீல்டுதான் டெக்ஸ்டாக மாறும். மாறும்போது அதன் வால் ஸ்பேஸ் கழன்றுவிடும். வலப்பக்கத்து '4071·' இல் ஸ்பேஸ் அப்படியே நிற்கும். பொருந்தாது. ஒரே ஃபீல்டு, ஒரே எழுத்துகள்; மதிப்பு எந்த வகையாக வந்து சேர்ந்தது என்பது மட்டும் வித்தியாசம்.

புதிதாக டேபிள் அமைப்பவர்கள் சார்(என்) பக்கமே போக வேண்டாம் என்பது என் கருத்து. போஸ்ட்கிரெஸில் அதற்கு வேக லாபமும் கிடையாது, நிரப்பிய ஸ்பேஸுக்கு இடச் செலவுதான் மிச்சம்.

ஜூன் 4

வார்சார்(என்) பற்றியும் ஒன்று, அடிக்கடி தப்பிவிடுவதால் எழுதுகிறேன். வார்சார்(4) இல் '40712' போட்டால் போஸ்ட்கிரெஸ் நீளம் போதாது என்று பிழை காட்டும். '4071··' போட்டால் காட்டாது. மிஞ்சும் எழுத்துகள் எல்லாம் ஸ்பேஸாக இருந்தால் வெட்டிவிட்டு உள்ளே விடச் சொல்வது ஸ்டாண்டர்டு. அதே '4071··' ஐ வார்சார்(5) இல் போடுங்கள்: மிஞ்சுகிற ஒன்றை மட்டும் வெட்டி '4071·' என்று வைத்துக்கொள்ளும். இரண்டு டேபிளில் ஃபீல்டின் நீளம் ஒன்றே ஒன்று வித்தியாசப்பட்டால், ஒரே ஃபைலை இரண்டிலும் ஏற்றிய பிறகு இரண்டும் பொருந்தாது. ஏற்றும்போது எங்கேயும் பிழையும் வந்திருக்காது.

ஜூன் 6

"ஆரக்கிள் எந்தக் கட்சி?" என்று ஒருவர்.

இரண்டிலும் இருக்கிறது. ஒப்பிடும் இரு பக்கமும் சார், என்சார் அல்லது க்வெரியில் நேரடியாக எழுதிய மதிப்பாக இருந்தால் ஸ்பேஸ் நிரப்பி ஒப்பிடும். ஏதாவது ஒரு பக்கம் வார்சார்2 அல்லது என்வார்சார்2 (ஆரக்கிளில் நீளம் மாறும் வகைகள்) வந்துவிட்டால் நிரப்பாது.

படிக்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். நடப்பில் இது எப்படி வந்து நிற்கும் என்றால்: டேபிளில் கோடு சார்(6). உள்ளே '4071··'. க்வெரி டூலில் கோடு = '4071' என்று தட்டினால் வரி வருகிறது, ஏனென்றால் இரண்டு பக்கமும் சார். அதே க்வெரியை ஜாவா புரோகிராமில் பைண்ட் வேரியபிள் (மதிப்பைக் க்வெரிக்குள் எழுதாமல் தனியாக அனுப்புவது) வைத்து ஓட்டினால் ஒரு வரியும் வருவதில்லை, ஏனென்றால் பைண்ட் ஆனது வார்சார்2 ஆகப் போகிறது. நிரப்பாத ஒப்பீடு, '4071··' வேறு, '4071' வேறு. "டூலில் வருகிறது, புரோகிராமில் வரவில்லை, ஆகவே டிரைவரில் கோளாறு" என்று முடிவுகட்டி டிரைவர் வெர்ஷனை மாற்றிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். டிரைவர் மேல் குற்றமில்லை. ஆரக்கிளின் ஜேடிபிசி டிரைவரில் இதற்கென்றே செட்ஃபிக்ஸ்டுசார் என்று ஒரு மெத்தட் இருக்கிறது. அதில் அனுப்பினால் சாராகப் போகும், பொருந்தும். பைண்டை க்வெரிக்குள்ளேயே சாராகக் காஸ்ட் செய்தாலும் சரி. ஃபீல்டைச் சுற்றி ஆர்டிரிம் (வால் ஸ்பேஸை வெட்டும் ஃபங்ஷன்) போட்டாலும் விடை வரும், ஆனால் தேடலை வேகமாக்கும் அந்த ஃபீல்டின் சாதாரண இன்டெக்ஸ் வீணாகிவிடும்.

ஃபீல்டையே வார்சார்2 ஆக மாற்ற வாய்ப்பிருந்தால் அதுதான் நல்லது. மாற்றினால் மட்டும் போதாது, ஏற்கெனவே நிரம்பியிருக்கும் ஸ்பேஸ்களையும் டிரிம் செய்ய வேண்டும். வகை மாறினாலும் அவை அங்கேயே இருக்கும்.

ஜூன் 6

எஸ்கியூலைட்: வேறொன்றும் சொல்லாவிட்டால் பைட்டுக்குப் பைட் ஒப்பீடு, வால் ஸ்பேஸ் கணக்கில் வரும். வேண்டாம் என்றால் ஆர்டிரிம் என்ற பெயரிலேயே ஒரு கோலேஷன் உள்ளேயே இருக்கிறது. சார்(6) என்று அறிவித்தாலும் 6ஐக் கண்டுகொள்ளாது, நிரப்பவும் நிரப்பாது.

ஜூன் 9

மைஎஸ்கியூஎல் பற்றிப் பலரும் கேட்டிருக்கிறீர்கள். சற்று நிதானமாகப் பார்க்க வேண்டிய கதை இது.

8.0 வருவதற்கு முன்னால் விஷயம் எளிது. பைனரி என்ற கோலேஷன் ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே பேட் ஸ்பேஸ். யூனிக் இன்டெக்ஸ் உள்ள ஃபீல்டில் '4071' இருக்கும்போது '4071·' போட்டால் டூப்ளிகேட் கீ பிழை. 2018இல் 8.0 வந்தபோது டீஃபால்ட் கோலேஷன் மாறியது. யுடிஎஃப்8எம்பி4_0900_ஏஐ_சிஐ என்ற புதியது, நோ பேட். 0900 என்று பெயரில் வருபவை எல்லாம் யூனிகோடு ஒப்பீட்டு முறையின் 9.0.0 பதிப்பை ஒட்டியவை. அவை நோ பேட்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், அப்கிரேடு செய்யும்போது பழைய டேபிள்களின் கோலேஷன் தானாக மாறாது. பழையவை பேட் ஸ்பேஸிலேயே இருக்கும். அதற்கப்புறம் உருவாக்குகிற டேபிள், டேட்டாபேஸின் டீஃபால்ட் எதுவோ அதை எடுத்துக்கொள்ளும். ஒரே சர்வரில் ஒரு டேபிள் '4071·' ஐ டூப்ளிகேட் என்று தள்ளும், பக்கத்து டேபிள் தனி மதிப்பு என்று சேர்த்துக்கொள்ளும். இரண்டையும் ஜாயின் செய்தால், ஒரே கேரக்டர் செட்டாக இருந்தும் கோலேஷன் வேறாக இருப்பதால், கோலேஷன் கலக்கக் கூடாது என்று பிழை வரும். அந்தப் பிழையைப் பார்த்தவுடன் பெரும்பாலோர் க்வெரியிலேயே ஒரு பக்கத்துக்குக் கொலேட் (இந்தக் கோலேஷனில் ஒப்பிடு என்ற கட்டளை) சேர்த்து வாயை அடைத்துவிடுகிறார்கள். எந்தக் கோலேஷனைச் சேர்த்தீர்களோ அதன் பேட் குணமும் கூடவே வருகிறது என்பதை நினைத்துப் பார்ப்பவர் குறைவு. பழையதைச் சேர்த்தால் '4071·' பொருந்தும், புதியதைச் சேர்த்தால் பொருந்தாது. பிழை போய்விட்டது என்பது உண்மைதான், ஆனால் விடை எது என்பதை நீங்கள் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள்.

எது எந்தக் குணம் என்று ஊகிக்க வேண்டியதில்லை. 8.0இல் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவின் கோலேஷன்ஸ் டேபிளில் பேட் ஆட்ரிபியூட் என்று ஒரு ஃபீல்டே இருக்கிறது. பார்த்துவிடுங்கள். '_பின்' என்று முடிவதால் நோ பேட் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது: யுடிஎஃப்8எம்பி4_பின் பேட் ஸ்பேஸ், யுடிஎஃப்8எம்பி4_0900_பின் நோ பேட்.

மரியாடிபி வேறு பாதையில் போனது. 10.2இலிருந்து பெயரிலேயே 'நோபேட்' என்று சேர்த்துத் தனிக் கோலேஷன்கள் இருக்கின்றன. பெயரைப் படித்தாலே குணம் தெரிகிறது. இது எனக்குப் பிடித்த ஏற்பாடு.

ஜூன் 9

மேலே உள்ளதோடு சேர்த்துப் படிக்க: மைஎஸ்கியூஎல்லில் சார் ஃபீல்டிலிருந்து எடுக்கும்போது வால் ஸ்பேஸ் நீக்கப்பட்டே வரும் (அதை மாற்ற ஒரு எஸ்கியூஎல் மோடு உண்டு). ஆகவே சார் ஃபீல்டில் '4071·' போட்டுவிட்டு, 'நான் போட்டது எங்கே?' என்று தேடினால் கிடைக்காது. '=' ஒப்பீடும், மாதிரியோடு பொருத்திப் பார்க்கும் லைக்கும் வேறு வேறு. லைக் எழுத்துக்கு எழுத்து பார்க்கும்; பேட் ஸ்பேஸ் கோலேஷனிலும் '4071' = '4071·' சரி என்று வரும், '4071' லைக் '4071·' இல்லை என்று வரும்.

ஜூன் 10

இந்தப் பேச்சில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். கேள்வி கேட்டவர் எழுதியிருந்தார்: "எஸ்கியூஎல் சர்வரிலேயே சுத்தம் செய்துவிட்டு மாற்றலாம் என்று அப்டேட் ஓட்டினோம். 0 வரிகள் மாறின. அப்படியானால் டேட்டா சுத்தமாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?"

அந்த அப்டேட்டைப் பாருங்கள். கோடு = ஆர்டிரிம்(கோடு) என்று செட் செய்கிறது, நல்லது. வேர் நிபந்தனை: கோடு <> ஆர்டிரிம்(கோடு) ('<>' என்றால் சமமில்லை). '4071·' உள்ள வரியில் இந்த நிபந்தனை என்ன கேட்கிறது? '4071·' என்பது '4071' லிருந்து வேறுபடுகிறதா? பேட் ஸ்பேஸ் விதிப்படி வேறுபடவில்லை. எந்த ஸ்பேஸைத் தேடுகிறீர்களோ அதையே பார்க்க மாட்டேன் என்று சொல்லும் ஒப்பீட்டை வைத்துத் தேடுகிறீர்கள். டேட்டா முழுவதும் அழுக்காக இருந்தாலும் 0 வரிகள் என்றுதான் வரும்.

வேர் நிபந்தனையை டேட்டாலெங்த்(கோடு) <> டேட்டாலெங்த்(ஆர்டிரிம்(கோடு)) என்று மாற்றி ஓட்டுங்கள். ஃபீல்டு வார்சார் அல்லது என்வார்சாராக இருக்க வேண்டும்; சாராக இருந்தால் டிரிம் செய்து திருப்பி வைத்ததுமே மறுபடி நிரம்பிவிடும்.

இனி அழுக்கு வரக் கூடாது என்று செக் கன்ஸ்ட்ரெய்ன்ட் (நிபந்தனைக்கு ஒத்துவராத மதிப்பை டேபிளில் விடாத விதி) போடுகிறவர்களும் இதே குழியில்தான் விழுகிறார்கள். செக் (கோடு = ஆர்டிரிம்(கோடு)) என்று எழுதியிருப்பார்கள். பேட் ஸ்பேஸில் அது எப்போதும் உண்மை. ஸ்பேஸோடு வருகிற எதையும் அது தடுக்காது, ஆனால் ஸ்கீமாவைப் பார்க்கிறவருக்குப் பாதுகாப்பு இருப்பதாகத் தோன்றும். இல்லாத பூட்டை விட ஏமாற்றும் பூட்டு ஆபத்து. நீளத்தை வைத்து எழுதுங்கள். மைஎஸ்கியூஎல்லில் பேட் ஸ்பேஸ் கோலேஷன் இருந்தால் அங்கேயும் இதே கதை: சார்_லெங்த்தை வைத்து ஒப்பிட வேண்டும், அங்கே சார்_லெங்த் வார்சாரின் வால் ஸ்பேஸையும் எண்ணும். 8.0.16க்கு முந்தைய மைஎஸ்கியூஎல்லில் செக் கன்ஸ்ட்ரெய்ன்டைப் படித்துவிட்டுப் புறக்கணித்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

போஸ்ட்கிரெஸில் டெக்ஸ்ட் ஃபீல்டுக்குக் கோடு = ஆர்டிரிம்(கோடு) என்ற செக் அப்படியே வேலை செய்யும். ஒரு டேட்டாபேஸில் சோதித்துச் சரியாக இருந்த கன்ஸ்ட்ரெய்ன்ட் இன்னொன்றில் வெறும் எழுத்தாக நிற்கும்.

ஜூன் 11

"எஸ்கியூஎல் சர்வரிலேயே கறாராக ஒப்பிட வழி?" இரண்டு பக்கமும் கடைசியில் ஒரு புள்ளியை ஒட்டி ஒப்பிடும் வழக்கம் ஒன்று உண்டு. விடை சரியாக வரும். இன்டெக்ஸ் தேடல் போய்விடும். நான் எழுதுவது இப்படி: கோடு = தேடும் மதிப்பு, அதோடு டேட்டாலெங்த்தும் சமம் என்று இன்னொரு நிபந்தனை. முதல் நிபந்தனை இன்டெக்ஸைப் பிடித்துச் சில வரிகளுக்குக் கொண்டுவந்துவிடும், இரண்டாவது அந்தச் சில வரிகளில் சலிக்கும். இரண்டு பக்கமும் ஒரே வகையா என்று பாருங்கள்; ஒன்று வார்சார், மற்றது என்வார்சார் என்றால் பைட் கணக்கு ஒத்துப்போகாது.

ஆன்சி பேடிங் செட்டிங்கைத் திருப்பிப் பார்த்தேன், பலனில்லை என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். பலன் இருக்காது. அது சேமிக்கும்போது வால் ஸ்பேஸை வைத்துக்கொள்வதா வெட்டுவதா என்பதைத்தான் தீர்மானிக்கிறது. ஒப்பீட்டை அது தொடுவதில்லை.

ஜூன் 14

"இவ்வளவு குழப்பம் தருகிற பேட் ஸ்பேஸை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தான்?" என்று காட்டமாக ஒரு கேள்வி.

கோபம் புரிகிறது. ஆனால் அந்த விதி பிறந்த இடத்தைப் பார்த்தால் அது நியாயமாகத்தான் இருந்தது. டேட்டா துளை அட்டையில் இருந்த காலம். ஐபிஎம்மின் 80 இட அட்டை 1928இல் வந்தது. கோடுக்கு 6 இடம் ஒதுக்கினால் 4071க்குப் பின்னால் மிச்சம் 2 இடம் துளையில்லாமல் வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையை யாரும் தட்டச்சு செய்யவில்லை. அது மதிப்பின் பகுதியே அல்ல. கோபோல் மொழியும் இதே அடிப்படையில், நீளம் வேறான இரண்டை ஒப்பிடும்போது குட்டையானது வலப்பக்கம் ஸ்பேஸால் நீட்டப்பட்டதாக எடுத்துக்கொள்கிறது. எல்லாமே நிலையான நீளம் என்ற உலகில், 6 இட ஃபீல்டையும் 10 இட ஃபீல்டையும் ஒப்பிட வேறு நல்ல வழி இல்லை.

எஸ்கியூஎல் அந்த உலகின் டேட்டாவைச் சுமக்க வந்தது, விதியையும் சேர்த்துச் சுமந்தது. வார்சார் வந்தபோது நிலைமை மாறியது. நீளம் மாறும் ஃபீல்டில் ஸ்பேஸ் தானாக நிரம்புவதில்லை. அங்கே ஒரு ஸ்பேஸ் இருந்தால் யாரோ அல்லது எதுவோ அதைப் போட்டிருக்கிறது. அது பிழையாக இருக்கலாம், ஆனால் அது டேட்டா. வார்சாருக்கும் பேட் ஸ்பேஸை நீட்டியது எனக்கு உடன்பாடில்லை. சாருக்கு மட்டும் நிரப்புகிற போஸ்ட்கிரெஸ் வழியும், வார்சார்2 தலையிட்டதும் நிரப்புவதை நிறுத்துகிற ஆரக்கிள் வழியும் அந்த அளவில் தெளிவானவை.

ஜூன் 15

நேற்று எழுதியதற்கு நல்ல எதிர்வாதம் ஒன்று வந்திருக்கிறது: "யூசர் நேமில் பேட் ஸ்பேஸ் இருந்ததால்தான் ஒரே பெயரில் இரண்டு அக்கவுன்ட் வராமல் தப்பித்தோம். நோ பேட் என்றால் 'குமார்', 'குமார்·' இரண்டும் உள்ளே வந்திருக்கும். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்."

இந்த வாதத்தில் வலு இருக்கிறது, ஏற்கிறேன். மனிதர் கண்ணால் பார்த்து அடையாளம் காணும் பெயர்களுக்குக் கறார் ஒப்பீடு மட்டும் பாதுகாப்பு தராது. ஆனால் அதே பாதுகாப்பை பேட் ஸ்பேஸ் முழுசாகத் தருவதும் இல்லை. அது பார்ப்பது சாதாரண ஸ்பேஸை மட்டும், 32 என்ற எண் கொண்டதை. முன்னால் வரும் ஸ்பேஸ், டேப் (9), வரிமாற்றம் (10), கேரேஜ் ரிட்டர்ன் (13), வலைப்பக்கத்திலிருந்து காப்பி செய்தால் ஒட்டிக்கொண்டு வரும் நோ-பிரேக் ஸ்பேஸ் (160) எதுவும் அதில் சேராது. கேட்டில் நின்று சுத்தம் செய்யும் வேலையைக் கோலேஷனிடம் ஒப்படைக்க முடியாது.

இதற்கே ஒரு பக்க விளைவும் உண்டு. பேட் ஸ்பேஸில் '4071' ஐயும் '4071'க்குப் பின்னால் ஒரு டேப் உள்ளதையும் குறியெண் வரிசையில் ஒப்பிட்டால் எது பெரியது? குட்டையானதில் 32 நிரப்பப்படுகிறது. மற்றதில் 9 இருக்கிறது. ஆகவே குட்டையான '4071' தான் பெரியது, டேப் உள்ளது அதற்கு முன்னால் வரும். 'முன்னொட்டாக இருப்பது முன்னால் வரும்' என்ற வழக்கமான எதிர்பார்ப்பு உடைகிறது. வரிசைப்படுத்திய இரண்டு ஃபைல்களைப் புரோகிராமில் ஒன்றோடொன்று ஓட்டிப் பார்க்கிறவர்களுக்கு இது உதைக்கும்: டேட்டாபேஸ் தந்த வரிசையும் புரோகிராமின் ஒப்பீடும் ஒத்துப்போகாது.

தமிழ் மதிப்புகள் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 'கொ' என்பதை ஒற்றைக் குறியாகவும் பதிக்கலாம், ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாகவும் பதிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, பைட் வேறு. அதை எந்த டிரிம்மும் சரிசெய்யாது, உள்ளே விடும்போதே யூனிகோடு நார்மலைசேஷன் (எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றுவது) செய்ய வேண்டும்.

ஜூன் 21

இரண்டு அமைப்புகளின் மொத்தத்தை ஒப்பிடும் வேலை ஒன்றில் இருந்தேன். வரி எண்ணிக்கை ஒன்று, தொகை ஒன்று, ஆனால் 'மாறிய வரிகள்' என்ற பட்டியலில் தினமும் ஒரே வரிகள் வந்துகொண்டே இருந்தன. இரு பக்கத்து வரிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் எழுத்துகூட மாறவில்லை. டேட்டாபேஸிலேயே இரண்டையும் ஒப்பிட்டால் சமம் என்றது. கடைசியில் பைட்டாக இறக்கிப் பார்த்தோம். ஒரு பக்கம் 52 48 55 49. மறு பக்கம் 52 48 55 49 32. அந்த 32 தான் ஆள்.

நடந்தது இது. மாற்றம் கண்டுபிடிக்க ஒவ்வொரு வரியின் ஃபீல்டுகளையும் ஒட்டி ஒரு ஹேஷ் (பைட்டுகளிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற ஒரு குறி) எடுத்து வைத்திருந்தார்கள். ஹேஷுக்குக் கோலேஷன் தெரியாது; அதற்குப் பைட் மட்டும்தான். டேட்டாபேஸின் கண்ணில் சமமான இரண்டு மதிப்புகளுக்கு இரண்டு ஹேஷ். தினமும் 'மாறியிருக்கிறது' என்று எடுத்து அப்டேட் செய்யும். அடுத்த நாள் மூல ஃபைல் மறுபடி ஸ்பேஸோடு வரும்.

இதன் மறுபக்கமும் பார்த்திருக்கலாம்: பைத்தானில் டிக்ஷனரி வைத்து டூப்ளிகேட்டை எல்லாம் நீக்கிவிட்டு, நிம்மதியாக லோடு செய்தால் டூப்ளிகேட் கீ என்று டேட்டாபேஸ் தள்ளும். பைத்தானுக்கு அவை இரண்டு கீ. பேட் ஸ்பேஸ் இன்டெக்ஸுக்கு ஒன்று. ஜாவாவின் ஹேஷ்மேப்பும் அப்படியே. எங்கெல்லாம் ஒரு டேட்டா இரண்டு 'சமம்' விதிகளைக் கடக்கிறதோ அங்கெல்லாம் இது வெடிக்கும். ஒரே டேட்டாபேஸுக்குள் மட்டும் வாழ்ந்தால் எந்த விதியானாலும் பழகிவிடும்.

குரூப் பை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேட் ஸ்பேஸில் '4071' உம் '4071·' உம் ஒரே குரூப்பாக விழும், ஆனால் ரிசல்ட்டில் இரண்டில் எது காட்டப்படும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இன்று ஒன்று வரலாம், பிளான் மாறினால் மற்றது வரலாம். அந்த ரிசல்ட்டை ஃபைலாக வெளியே அனுப்புகிறவர்கள் ஆர்டிரிம் செய்தே அனுப்புங்கள்.

ஜூன் 22

பாதுகாப்புக் கோணத்தைக் கேட்டவருக்குச் சுருக்கமாக. மைஎஸ்கியூஎல்லில் நீளம் மிஞ்சினால் வெட்டிவிட்டு ஏற்றுக்கொள்ளும் தளர்ந்த மோடும் பேட் ஸ்பேஸும் சேரும்போது ஒரு தாக்குதல் சாத்தியம், 2008இலேயே பேசப்பட்டது. யூசர் நேம் ஃபீல்டு 20 எழுத்து என்று வையுங்கள். தாக்குகிறவர் 'அட்மின்' என்று எழுதி, 20ஐத் தாண்டும் வரை ஸ்பேஸ் அடித்து, கடைசியில் ஏதோ ஓர் எழுத்தைப் போட்டுப் பதிவு செய்கிறார். 'இந்தப் பெயர் ஏற்கெனவே உண்டா?' என்ற சோதனையில் அந்தக் கடைசி எழுத்தால் இல்லை என்று வரும். சேமிக்கும்போது அந்த எழுத்து வெட்டுப்பட்டு, வெறும் ஸ்பேஸ் வாலோடு 'அட்மின்' மிஞ்சுகிறது. இப்போது அட்மின் என்று தேடினால் இரண்டு வரி. தன் பாஸ்வேர்டால் உள்ளே வந்தவரை, அப்ளிகேஷன் பெயரை வைத்து மறுபடி தேடி உண்மையான அட்மினாக எடுத்துக்கொள்ளலாம். 5.7இலிருந்து ஸ்ட்ரிக்ட் மோடு டீஃபால்ட். அங்கே அந்த இன்சர்ட் பிழையாகிவிடும். யூசர் நேமில் யூனிக் இன்டெக்ஸ் இருந்திருந்தாலும் பேட் ஸ்பேஸ் புண்ணியத்தில் தள்ளியிருக்கும். 15ஆம் தேதி எதிர்வாதம் எழுதியவர் பக்கம் இதுவும் சேரட்டும்.

பாஸ்வேர்டை மட்டும் டிரிம் செய்யாதீர்கள். அங்கே ஸ்பேஸ் பயனர் தெரிந்தே போட்டதாக இருக்கலாம்.

ஜூலை 1

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். எஸ்கியூஎல் சர்வரில் டேட்டாலெங்த் வைத்துச் சுத்தம் செய்தது நன்றாக முடிந்ததாம். ஆனால் அதற்கு முன்பே போஸ்ட்கிரெஸில் ஏற்றி ஓட ஆரம்பித்திருந்த இன்னொரு டேபிளில் டிரிம் செய்யும்போது யூனிக் பிழை வருகிறதாம்.

வரும். நோ பேட் பக்கத்தில் '4071' உம் '4071·' உம் இரண்டு தனி மாஸ்டர் வரிகளாக ஏற்கெனவே சேர்ந்திருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் கீழே சைல்டு வரிகளும் இருக்கலாம். டிரிம் செய்தால் இரண்டும் மோதும். ஆகவே இப்படிப் போங்கள். ஆர்டிரிம்(கோடு) மேல் குரூப் செய்து, எண்ணிக்கை 1க்கு மேல் உள்ளவற்றை முதலில் பட்டியல் எடுங்கள். அந்த ஜோடிகளை ஒரு மனிதர் பார்க்க வேண்டும். இரண்டு வரிகளிலும் பெயர், நிலை, தேதி மாறியிருந்தால் எது நிற்க வேண்டும் என்று க்வெரி சொல்லாது. முடிவானதும் சைல்டு வரிகளை நிற்கப்போகும் வரிக்குத் திருப்புங்கள், அப்புறம் மற்றதை நீக்குங்கள். ஸ்பேஸோடு தனியாக நிற்கும் கோடுகளை டிரிம் செய்யும்போது ஃபாரின் கீ குறுக்கே வந்தால், ஆன் அப்டேட் கேஸ்கேட் (மாஸ்டரில் மாற்றினால் சைல்டிலும் தானாக மாற்றுவது) உள்ளதா என்று பாருங்கள். எல்லாம் ஒரே டிரான்ஸாக்ஷனில் (முழுவதும் நடக்கும், அல்லது எதுவுமே நடக்காது என்ற ஒரே தொகுப்பில்). டிரிம் முடிந்த கையோடு, அதே டிரான்ஸாக்ஷனிலேயே செக் கன்ஸ்ட்ரெய்ன்டையும் சேர்த்துவிடுங்கள். அடுத்த லோடு எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஆரக்கிளில் இதைச் செய்கிறவர்களுக்கு மட்டும் ஒரு வரி: வெறும் ஸ்பேஸ் மட்டுமே உள்ள ஃபீல்டை ஆர்டிரிம் செய்தால் அங்கே நல் (மதிப்பே இல்லை என்ற நிலை) ஆகிவிடும், நாட் நல் ஃபீல்டில் அப்டேட் அங்கேயே நிற்கும். அந்த வரிகளை முன்கூட்டியே தனியாக எடுத்து வையுங்கள்.